உன்னிச்சையில் சமநிலை

அங்கே வெள்ளி இரவு ஏழு மணி, ஏழு நிமிடம்.
இங்கே சனிக்கிழமை, சேவல் இன்னும் வாய் திறக்கவில்லை.
ரொறன்ரோவில் முதற் பந்து வீசப்படும்போது
கல்லடியில் நான் சீனிப் போத்தலைத் தேடுகிறேன்.
இரண்டாவது இன்னிங்ஸில் பாலம்,
மூன்றாவதில் வவுணதீவு,
ஐந்தாவதில் உன்னிச்சைக் குளக்கட்டு.

சுமைரா ஏறாவூரிலிருந்து முந்திவிட்டாள்.
ஸ்கூட்டியைப் பாலை மரத்தடியில் நிறுத்தி
கொப்பியில் திகதி எழுதிக்கொண்டிருந்தாள்.
"இண்டைக்கும் இந்தக் கூத்தா?" என்றாள்
என் காதைப் பார்த்து.
"ஒரு காதுதான். மற்றது உங்கட குருவிகளுக்கு."

கச்சான் தொடங்கி மூன்று கிழமை.
குளம் தன் கரையை எங்களிடம் விட்டுவிட்டு
நடுவுக்குப் போய்ப் படுத்திருந்தது.
வெடித்த சேற்றில் எருமைக் குளம்புகள்.
ஒவ்வொரு குளம்பிலும் ஒரு கரண்டித் தண்ணீர்,
கரண்டிக்கொரு காவலாய் மடையான்.

"நத்தைகுத்தி நாரை, நாற்பத்தொன்று."
"மூன்றுக்கு மூன்று," என்றேன் நான்.
பேனை நின்றது.
"என்ன மூன்று? எங்க?"

எல்லேயைத் தவிர
விளங்கப்படுத்த எனக்கு வழியில்லை.
பள்ளி அணியில் பிரபாலினி பந்து போட
நான் அடிப்பேன்.
எல்லேயில் போடுகிறவள் நம்முடைய ஆள்.
கம்புக்குத் தோதாக, நெஞ்சுயரத்தில்,
அடி என்று சொல்லித்தான் பந்தை விடுவாள்.
கனடா போன முதல் மாதம் எழுதியிருந்தாள்:
'இஞ்ச பந்து போடுறவன் எதிர்ப்பக்கமாம், தெரியுமா?'
வேறொன்றும் எழுதவில்லை.

இப்போது அந்த மைதானத்திலேயே,
மேலடுக்கு நடைவழியில்,
உருளைக்கிழங்குப் பொரியல் விற்கிறாள்.
ஆட்டத்துக்கு முதுகு. அடுப்புக்கு முகம்.
சனம் கத்தினால் ஏதோ நடந்தது என்று தெரியும்,
என்னவென்று தெரியாது.
வேலை முடிந்து பஸ் ஏறும்போது
அதை நான்தான் சொல்ல வேண்டும்,
பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு இப்பால் நின்று.

"அப்ப நீங்க பார்க்கிறீங்களா?"
"இல்ல. கேக்கிறன்."
சுமைரா சிரித்தாள்.
பார்க்காத இரண்டு பேருக்காக
நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்களாம்.

ஒன்பதாவது இன்னிங்ஸ்.
இரண்டு பேர் ஆட்டமிழந்தாகிவிட்டது.
இரண்டாம் தளத்தில் ஒருவன் நிற்கிறான்.
ஆள்காட்டி ஒன்று அலறிக்கொண்டு எழும்பியது.
சுமைரா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

தனியன்.
கட்டின் அந்தத் தலைப்பில்,
நேற்று மாலையிலிருந்தே நின்றதைப் போல.
ஒரு காது கிழிந்து, மறு காது அசையாமல்.

காதிலிருந்ததை மெல்லப் பிடுங்கிப் பொத்தினேன்.
உள்ளங்கைக்குள் நாற்பதாயிரம் பேர்
சிள்வண்டளவு கத்தினார்கள்.
யாருக்காக என்று தெரியவில்லை.
காற்று எங்கள் பக்கமிருந்து அடிக்கவில்லை,
அது ஒன்றுதான் நல்ல காலம்.
அது தும்பிக்கையால் புழுதி அள்ளி
முதுகில் எறிந்தது. இன்னொரு முறை.
அவசரமேயில்லை.
பிறகு கட்டைக் குறுக்கறுத்து இறங்கி
விளாங்காட்டுக்குள் போனது.
கிளைகள் முறிகிற சத்தம் கொஞ்ச நேரம்.
அதுவும் போனது.

கைபேசியில் கவனித்தால்
சிக்னல் ஒரு கோடுமில்லை.
சுமைரா கொப்பியைத் திறந்து
'யானை, ஒன்று' என்று எழுதினாள்.
எழுத்து நடுங்கியிருந்தது.
குருவிக் கணக்கில் அதற்கு நிரலில்லை,
ஓரத்தில் எழுதினாள்.

ஆயித்தியமலைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை.
கோடுகள் திரும்பி வர, குரல் செய்தியும் வந்தது.
"என்னகா நடந்த? சனம் கூரை பறக்கக் கத்தின. ஆர் அடிச்ச?"
பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம்.
முடிவைத் தேடிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.
"தெரியாகா," என்றேன். "ஆனை வந்த."

ஞாயிற்று ஆட்டம் இங்கே நடுச்சாமத்தில். நான் உறங்கிப்போனேன்.
விடிய நாவலடிக் கடற்கரையில் தனியே நடந்தேன்,
இரண்டு காதுகளோடும்.
சுமைராவுக்கு டியூசன்.
கரைவலை இழுப்பவர்களைக் கடந்து,
ஆமையோட்டு முட்டைக் கோதுகளைக் கடந்து
முகத்துவாரம் தெரிகிற இடத்தில் கைபேசி அதிர்ந்தது.
பிரபாலினி.
யார் வென்றார்கள் என்று சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை.
"மறுகா அந்த ஆனை
எந்தப் பக்கம் போன?"